கட்டிலளவுக்கு மேல் கிடையாது

மேல்வயலூர் ஜங்ஷனுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில், ரயில்வேயில் உழைத்து ஓய்ந்தவர்களாகவே சேர்ந்து மனை வாங்கிக் குடியேறிய தெரு ஒன்று உண்டு. அந்தத் தெருவில், யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராத ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஏகாம்பரம். ஊர் ஊராகப் போய் ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளை மஞ்சளில் கறுப்பாக எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர். தெருவில் எவர் வீட்டு நாய் குட்டி போட்டாலும் அந்தக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுவிடுவார், அப்புறம் அவர் மனைவி மரகதம் வந்து, இருவருக்கும் சேர்த்து அவளே முடியாது என்று சொல்லிக் குட்டியைத் திருப்பி அனுப்புவாள். முப்பது வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

அவர் ஓய்வு பெற்ற அன்று, எல்லோருக்கும் கொடுக்கிற சுவர்க் கடிகாரத்தைக் கொடுக்காமல், கூட வேலை செய்தவர்கள் கரண்டில் ஓடுகிற பொம்மை ரயில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு எஞ்சின், நாலைந்து பெட்டி, வட்டமாக மாட்டிக்கொள்ளத் தண்டவாளம். உள்ளறையில் இருந்த பழைய இரும்புக் கட்டிலின் மேல் பிளைவுட் பலகை போட்டு அதில் ஏகாம்பரம் ரயிலை ஓடவிட்டார். ஓடுவதைச் சிறுபிள்ளை போல் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மரகதம் வாசற்படியில் நின்று சொன்னாள்.

"இந்தக் கட்டிலோட நிறுத்திக்கணும். இதுக்கு மேல ஒரு சாண் போச்சுன்னாலும் எல்லாத்தையும் தூக்கி நானே வெளியில வச்சிடுவேன். இது வளர்மதி ரூமு."

வளர்மதி அவர்களுடைய ஒரே மகள், திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். ஏகாம்பரம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்டாலும் அவருக்கு மறுக்க வராது.

அந்த மழைக்காலம் முழுக்கச் சத்தியத்தைக் காப்பாற்றினார். பிறகு தெர்மாகோலை அறுத்து ஒரு பிளாட்பாரம் செய்தார், அது வரைக்கும்கூடத் தப்பில்லை. ஆனால் பிளாட்பாரம் இருந்து பலகை இல்லாவிட்டால் ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்காது, வேறு எவனாக இருந்தாலும் பொம்மை ரயிலுக்குச் செடி வைத்திருப்பான், விளக்கு வைத்திருப்பான், இவர் கை பலகைக்குத்தான் போயிற்று. ஐஸ் குச்சியை நறுக்கி, மஞ்சள் பூசி, ஒற்றை மயிர்த் தூரிகையால் மூன்று மொழியிலும் மரகதபுரம் என்று எழுதி, தரையிலிருந்து கட்டிலின் உயரத்தை ஸ்கேலால் அளந்து அதையும் அடியில் சின்னதாக எழுதி, பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் நட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி மரகதபுரத்தில் வந்து நின்றபோது அதிலிருந்து அரிசி மணி அளவில் ஆட்கள் இறங்கினார்கள்.

ஒருவன் தலையில் டிரங்குப் பெட்டி வைத்திருந்தான். ஒருத்தி இடுப்பில் குழந்தை. இன்னொருவன் இறங்கியதும் முதல் காரியமாகக் குழாயைத் தேடினான்.

"ஏ மரகதம், ஆளுங்க எறங்குறாங்க" என்றார் ஏகாம்பரம்.

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியில."

மரகதம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த வெயில்ல வெட்டவெளியில எறக்கி விட்டிருக்கீங்களே, மேல ஒரு கூரை போட வேணாமா?" என்று கடிந்துகொண்டாள். கூரை வந்தது. கூரை வந்ததும் குழாய் வந்தது, குழாய் வந்ததும் அவர்களே எங்கிருந்தோ ஒரு டீக்கடை போட்டுக்கொண்டார்கள். எறும்பு ஏறாமல் இருக்க மரகதம் கட்டில் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிறுத்தினாள், குருவி வராமல் ஜன்னலுக்கு வலை அடித்தாள்.

சாம்பார் ஒரு கொதி வருவதற்குள் சேதி தெருக்கோடிக்குப் போய்விட்டது. வேறு தெருவாக இருந்தால் கூட்டம் கூடிக் கற்பூரம் காட்டியிருப்பார்கள், அல்லது டிவிக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். இது ரயில்வேக்காரர்கள் தெரு. பயணி எங்கிருந்து முளைத்தான் என்று ரயில்வேக்காரன் என்றைக்குமே கேட்டதில்லை, எங்கே போகிறான், வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதோடு அவன் கேள்வி முடிந்துவிடும். ஓய்வு பெற்ற கார்டு ஞானப்பிரகாசம் வந்து பார்த்து, வண்டி கூடுதல் நேரம் நிற்கிறது என்று குறை சொன்னார். எதிர்வீட்டு ஹபீபா, பெண்களுக்கு ஒரு தனிப் பெட்டி வேண்டாமா என்று கேட்டு, கடைசிப் பெட்டியில் அதை எழுதவும் வைத்தாள். நலச்சங்கத் தலைவர் கோதண்டம் கட்டில் முன்னால் நின்று தொண்டையைச் செருமி வரவேற்புரை ஆற்றினார். ஆனால் கீழே ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் என்றைக்குமே நிமிர்ந்து பார்த்ததில்லை. மேலே மழை என்று ஒன்று இருக்கலாம், மனிதர் என்று ஒன்று இருக்கலாம் என்ற நினைப்பே இல்லாமல், டீ குடித்தார்கள், மூட்டை தூக்கினார்கள், சண்டை போட்டார்கள், வண்டி வந்தால் ஓடினார்கள்.

தெருவுக்குப் பழகிவிட்டது. மத்தியானத்தில் உள்ளறை வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. பிஸ்கட் பொடியும் பொட்டுக்கடலையும் கொண்டுவந்தார்கள், தையற்கடைக்காரர் துண்டுத்துணி கொடுத்தனுப்பினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹபீபா வாய் திறக்கும் வரை.

"அண்ணே, பலகை எழுதினா ஆள் எறங்குதுதானே? எங்க காயல்பட்டினத்துக்கு ஒண்ணு எழுதுங்களேன். நான் ஊரப் பாத்து வருஷக்கணக்காச்சு."

ஏகாம்பரம் ஓரக்கண்ணால் அடுப்படியைப் பார்த்தார். மரகதம் கடைக்குப் போயிருந்தாள்.

"வண்டி நிக்கற மாதிரி சின்னதா ஒரு ஹால்ட்டு வேணா போடறேன்மா. தற்காலிகமா" என்றார்.

ரயில்வேயில் தற்காலிகம் என்றால் என்ன என்று அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. காயல்பட்டினத்துக்காகக் கட்டிலோடு ஒரு மேஜையைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது, கடல் வேண்டும் என்றதால் எவர்சில்வர் தாம்பாளத்தில் உப்புத்தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டியிருந்தது. மஞ்சள் பலகை நட்டதும் வண்டி நின்றது, ஆட்கள் இறங்கிக் கடலோரமாக வீடு கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்த கோதண்டம் தன் ஊரான போடி வேண்டும் என்றார், போடி என்றால் மலை வேண்டும், மலை என்றால் அரிசி மூட்டை அளவுக்காவது வேண்டும், பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி அலமாரி உயரத்துக்கு மலை எழும்பியது. ஞானப்பிரகாசம் மட்டும் கேட்கவே இல்லை. தினமும் வந்து சும்மா உட்கார்ந்திருந்து போவார், அவர் கேட்காததைப் பார்த்து மனசு கேட்காமல் ஏகாம்பரமே அவருக்கு நாசரேத்தை எழுதிக் கொடுத்தார். அப்புறம் தெருவில் மிச்சமிருந்தவர்களும் வந்தார்கள், மானாமதுரை வந்தது, நீடாமங்கலம் வந்தது, யாரோ ஒருவருடைய மாமியார் ஊர்கூட வந்தது. தண்டவாளமும் பலகையும் அவரவரே வாங்கிக் கொடுத்தார்கள். மேஜையோடு பெஞ்சு சேர்ந்தது, பெஞ்சோடு தையல் மிஷின் சேர்ந்தது, கதவு பாதிக்கு மேல் திறக்க முடியாமல் போய், பங்குனிக்குள் அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் தவழ்ந்து போய் நாசரேத்துக்கும் போடிக்கும் நடுவில் தலையை வெளியே நீட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை மரகதம் கேட்டபோதும் அவர் தற்காலிகம் என்றார்.

பார்க்க வந்தவர்களுக்கும் ஒரு கிறுக்கு பிடித்தது. ஊரைப் பார்த்தால் மட்டும் போதவில்லை, இறங்குகிறவர்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். ஹபீபா பூதக்கண்ணாடியோடு கடலோரத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்ததில் அவள் வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் சிலிண்டரை மூடியது. ஞானப்பிரகாசம் மாத்திரை போடுவதை மறந்தார். அவர் மனைவி அருள்மணி நாசரேத்துக்காரி, போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் அவர் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்தா போறா பாருங்க, கூடையோட. நடை அவ நடைதான். நான் எத்தன தரம் கூப்பிட்டுட்டேன். திரும்பிப் பாக்க மாட்டேங்காளே."

ஏகாம்பரம் பயந்துபோனார்.

அந்த வாரம் திருப்பூரிலிருந்து போன் வந்தது. வளர்மதி மறுபடி உண்டாகியிருந்தது அவர்களுக்குத் தெரியும், வாயைத் திறந்து சந்தோஷப்படக்கூட பயந்துகொண்டு இருவரும் அதைப் பற்றி வீட்டுக்குள் பேசாமலே இருந்தார்கள். போன தடவை ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே அடங்கிப்போய், பெயர்கூட வைக்காமல் துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தத் தடவை டாக்டர், படுத்த படுக்கையாகவே இருக்க வேண்டும், படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வளைகாப்பு முடிந்த கையோடு வந்துவிடுகிறேன் என்றாள் வளர்மதி. "அம்மா, எனக்கு அந்த ரூமுதான் வேணும். அங்க படுத்தா பயமில்லாம இருக்கும்."

மரகதம் போனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள், தவழ்ந்து நுழைந்தாள், போடிமலைக்குப் பக்கத்தில் தலையை நீட்டினாள். கத்துவாள் என்று ஏகாம்பரம் காத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"எம்பொண்ண எங்க படுக்க வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சங்கம் கூடியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கூடத்தில் திரை கட்டிப் பெண்ணைப் படுக்க வைக்கலாம் என்றார் கோதண்டம். மொட்டைமாடியில் ஷெட் போடலாம் என்றார் நீடாமங்கலத்துக்காரர். மரகதம் எழுந்து நின்றாள்.

"வயித்துப் பிள்ளையோட எம்பொண்ணு திரைக்குப் பின்னால கெடக்கணும், உங்க ஊரெல்லாம் ஃபேன் காத்துல ஓடணும். அப்படித்தானே? ஒண்ணு பண்ணலாம். அவங்கவங்க ஊர அவங்கவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க."

கூட்டம் இருமிக்கொண்டது. கோதண்டத்தின் மருமகளுக்குத் தூசி ஆகாது. ஹபீபா வீட்டில் இருந்த ஒரே இடத்தில் மகன் டிவி வைத்திருந்தான். மானாமதுரைக்காரர் தான் பிறந்தது உண்மையில் பரமக்குடி என்று அப்போதுதான் வெளியிட்டார். அடுத்தவர் வீட்டு அறையில் இருக்கிறவரைதான் சொந்த ஊர் மேல் அத்தனை பாசம். ஞானப்பிரகாசம் ஒருவர்தான் கையைத் தூக்கினார். தூக்கின கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து அவரும் கீழே இறக்கிக்கொண்டார். "எங்கூட இருந்தா நான் சோறு திங்க மாட்டேன், அதப் பாத்துக்கிட்டே கெடப்பேன்" என்றார்.

"அப்ப எல்லாரும் மரகதபுரத்துக்கு வரட்டும்" என்றாள் மரகதம். "கட்டிலளவுக்கு மேல கெடையாது."

மறுநாள் ஏகாம்பரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு காயல்பட்டினத்துப் பலகையைப் பிடுங்கினார், வண்டியை அங்கே நிறுத்தாமல் ஓட்டினார். கடலோரத்து ஆட்கள் அசையவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள், துண்டை விரித்துப் படுத்தார்கள், புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வண்டி நிற்காமல் போனால் அடுத்த வண்டி லேட் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம், அதற்கு மேல் அவர்களுக்குச் சந்தேகம் வராது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கப் பழகினவர்களை எதைச் சொல்லி எழுப்புவது?

ஞானப்பிரகாசம்தான் சொன்னார். "முன்னறிவிப்பு ஒட்டாம ஸ்டேஷன மூடலாமா அண்ணாச்சி? முறையா எழுதிப் போடுங்க. கௌம்பிருவாங்க."

ஏகாம்பரம் எழுதினார். இன்ன நிலையம் வரும் வெள்ளி முதல் மூடப்படுகிறது, பயணிகள் மரகதபுரத்தில் இறங்கிக்கொள்ளவும், சிரமத்துக்கு வருந்துகிறோம். எல்லா ஊருக்கும் எழுதி ஒட்டினார். ஒட்டின அன்றே கீழே கூட்டம் கூடிப் படித்தது, சத்தம் போட்டது, எவனையோ திட்டியது, பிறகு பாத்திரத்தைக் கட்டத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வண்டி நிறைய நிறைய வந்துபோயிற்று. காயல்பட்டினத்தார் வலையைச் சுருட்டிக்கொண்டு ஏறினார்கள், போடிக்காரர்கள் ஏலக்காய் மூட்டையோடு ஏறினார்கள். தெருவே ஜன்னலுக்கு வெளியே நெருக்கியடித்து நின்று பார்த்தது. கடைசியாக நாசரேத்து வண்டி. கூடைக்காரி பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நேரே முன்னால் பார்த்தபடி. ஞானப்பிரகாசம் சட்டைக்குள்ளிருந்து தன் பழைய பச்சைக்கொடியை எடுத்தார், அத்தனை வருஷச் சர்வீஸில் ஆட்டினதுபோல் நிமிர்ந்து நின்று ஆட்டினார், ஏகாம்பரம் விசையைத் திருப்பினார், வண்டி போயிற்று. அவர் கொடியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுப் படுத்தார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு அவர் வரவில்லை.

மரகதபுரம் கொள்ளுமா என்று கவலைப்பட்டதெல்லாம் வீண். கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று சொல்லத் தெரிந்த ஜனம், கட்டிலளவுக்குள் ஒருவர் மேல் ஒருவராக மாடி எடுத்துக்கொண்டது. மேஜை போயிற்று, பெஞ்சு போயிற்று, போடிமலையைக் கரைத்து மரகதம் முருங்கைக்கு உரமாகக் கொட்டினாள். அறையில் இன்னொரு கட்டில் போட இடம் வந்தது. அதில் வளர்மதி வந்து படுத்தாள்.

படுத்தவள் ஒருக்களித்து மரகதபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் கண் அங்கேதான். நாலைந்து நாள் அப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் ஏகாம்பரம் அவளுக்கு மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அப்பா, இவங்கல்லாம் பலகையப் பாத்துத்தானே எறங்குறாங்க?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒரு பலகை எழுதித் தாயேன். ரொம்ப இடம் வேணாம். அந்தக் கால்மாட்டு ஓரத்துல போதும்."

"என்ன ஊருன்னு எழுதணும்?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போனவனுக்குப் பேரே வைக்கலியேப்பா. நீயே ஒரு பேரு வச்சு எழுது. ஒரு தடவ எறங்கட்டும். நான் பாத்துக்கறேன்."

ஏகாம்பரத்தின் கையில் மாதுளை முத்துக்கள் இருந்தன. எழுதுவது ஒரு நிமிஷ வேலை. மஞ்சள் இருந்தது, கறுப்பு இருந்தது, கால்மாட்டில் ஓர் ஐஸ் குச்சிக்கு இடமும் இருந்தது. பெற்ற பெண் கேட்கிறாள், அதுவும் இதைக் கேட்கிறாள். அடுப்படியில் மரகதம் கரண்டியை வைத்துவிட்டு நின்றாள், ஆனால் வந்து தடுக்கவில்லை. இந்த ஒன்றை அவருக்காக அவள் சொல்வதாக இல்லை.

"முடியாதும்மா" என்றார் ஏகாம்பரம்.

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"எழுதினா எறங்குவான். எறங்கி, நடந்து, டீக்கடைப் பக்கமாப் போவான். நீ கூப்பிடுவ. தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் அவன் நிமிந்து பாக்க மாட்டான். அத ஒரு மனுஷன் தெனமும் பட்டத நான் பாத்துட்டேன். உனக்கு அது வேணாம். நான் எழுத மாட்டேன்."

வளர்மதி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போன தடவை ஆஸ்பத்திரியில்கூட அழாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். ஏகாம்பரம் எழுந்து போகாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரும் அழுதார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. சாயங்காலம் மரகதம் கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். பக்கத்துக் கட்டிலில் வண்டிகள் வந்து நின்று போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் அவள்தான் கூப்பிட்டாள்.

"இந்தக் கட்டிலத் திருப்பிப் போடுங்க. எனக்குத் தல அந்தப் பக்கம் இருக்கட்டும்."

இருவரும் சேர்ந்து மெதுவாகத் திருப்பிப் போட்டார்கள். மரகதபுரம் அவள் முதுகுப் பக்கம் போயிற்று. அவளுக்கு எதிரில் இப்போது ஜன்னல், ஜன்னலுக்கு மேலே உத்தரம், உத்தரத்தில் அவளைத் தூளியில் போட்டு ஆட்டின பழைய இரும்புக் கொக்கி. பிள்ளை பிறக்கிற வரை தூளி, தொட்டில் என்ற பேச்சே வீட்டில் எழக் கூடாது என்பது மரகதத்தின் கட்டளை, போன தடவையும் அப்படித்தான் இருந்தார்கள். வளர்மதி கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் கொக்கி தாங்குமா?"

மரகதம் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் ஓடிப்போய் முக்காலியை எடுத்துவந்து போட்டு ஏறினார். கொக்கியை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார், கையால் இழுத்துப் பார்த்தார், அதுவும் போதாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முக்காலியைவிட்டுக் காலைத் தூக்கிவிட்டார். அறுபது வயது மனிதர், வேட்டி விலக, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, "என்னையே தாங்குதும்மா!" என்று கத்தினார்.

வளர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கக் கூடாதே என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். "விழுந்து தொலைக்காம எறங்குங்க" என்று மரகதம் முக்காலியை அவர் காலடியில் தள்ளினாள். அவர் இறங்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் தொங்கிக் காட்டினார்.